புயல் கட்டடத்துச் சாவி

தள்ளி உக்காராதீங்க தம்பி, இந்த ஃபேன் இந்தப் பெஞ்சுக்கு மட்டுந்தான் சுத்துது. உங்க டோக்கன் என்ன நம்பர்? நூத்தி அறுபத்திரெண்டா? எனக்கு நூத்தி நாப்பத்தேழு. உள்ள இப்பத்தான் நூத்தி இருபது ஓடுது. எழுந்து எழுந்து போயி எட்டிப் பாக்காதீங்க, நாம பாக்கறதால நம்பர் வேகமா ஓடிடாது. இந்தக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கற நாளுக்கு மூணு திங்கக்கிழமையா வர்றேன், எனக்குத் தெரியும்.

உங்களுக்கு என்ன, பட்டாவா? மூஞ்சியப் பாத்தாலே பட்டான்னு தெரியுது. வாங்கிடலாம், பயப்படாதீங்க. ஆனா எல்லாத்தயும் எழுத்துல வச்சுக்குங்க. எவன் வந்து வாயால என்ன சொன்னாலும் தலைய ஆட்டாதீங்க. 'எழுதிக் குடுங்க சார்'னு மட்டும் சொல்லுங்க.

என் மனுவா? என் மனு சாவி மனு. சிரிக்கிறீங்க. பரவாயில்ல, எல்லாருந்தான் சிரிக்கிறாங்க.

என் பேரு கலியமூர்த்தி. ஆலந்திட்டுக் குப்பம். கடலுக்கும் எங்க ஊருக்கும் நடுவுல முந்நூறு அடி மணலு, அவ்வளவுதான். அதனால அரசாங்கம் பாத்து ஒரு புயல் பாதுகாப்பு மையம் கட்டிக் குடுத்துச்சு. ஊருக்காரங்க வாயில அது புயல் கட்டடம். தூண் மேல நிக்கற ரெண்டு மாடிக் கட்டடம், முந்நூறு பேரு தாராளமாத் தங்கலாம். பதினோரு வருசமா அதோட சாவி என் இடுப்புல. இப்ப ஊரே கூடி அந்தச் சாவிக்கு வேலையில்லன்னு ஆக்கிடுச்சு. அது போதாதுன்னு வீட்டுல பொண்டாட்டி இல்ல, பொண்ணு இல்ல. பேரன் பொறந்து இன்னைக்கு முப்பதாம் நாளு, அந்தக் குழந்தை மூஞ்சிய நான் இன்னும் பாக்கல. எல்லாம் ஒரு பூட்டால. கேளுங்க, என் நம்பர் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன்.

அந்தக் கட்டடத்த நான் வச்சிருந்த அழக நீங்க பாத்திருக்கணும். தரையெல்லாம் டைல்ஸு. குனிஞ்சா மூஞ்சி தெரியும். எங்க ஊரு ஜனங்க எப்படின்னா, கடல்லேர்ந்து வந்த காலோட நேரா அடுப்பங்கரைக்குப் போற கூட்டம். ஒருத்தர நான் உள்ள விட்டதில்ல. இருபது லைஃப் ஜாக்கெட் குடுத்தாங்க, வந்த கவரோட அப்படியே அடுக்கி வச்சிருந்தேன். ஜெனரேட்டர் ஒண்ணு. மரம் அறுக்கற மெஷின் ஒண்ணு. ஸ்ட்ரெச்சர் ரெண்டு. எதுலயும் ஒரு கீறல் இல்ல. ஒரு தடவ பாக்க வந்த அம்மா அதிகாரி சொன்னாங்க, 'பெரியவரே, இந்த மாவட்டத்துலயே இவ்வளவு புதுசா இருக்கற மையம் இது ஒண்ணுதான்'னு. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. பாராட்டறவங்க சிரிக்கத்தானே செய்வாங்க.

வருசா வருசம் புரட்டாசியில ஒத்திகை நடக்கும். புயல் வந்தா எப்படித் தப்பிக்கறதுன்னு ஒத்திகை. காலையில பத்து மணிக்கு விசில் ஊதுவாங்க. ஆளுக்கு ஒரு அட்டைய கழுத்துல மாட்டி விடுவாங்க. 'காயமடைந்தவர்', 'முதியவர்', 'கர்ப்பிணி', 'இறந்தவர்'. இந்த இறந்தவர் அட்டைக்கு எங்க ஊருல அடிதடி நடக்கும் தம்பி. ஏன்னா செத்தவனுக்கு வேலையே கிடையாது, வேப்பமர நெழல்ல படுத்திருந்தாப் போதும். காயம்பட்டவன வெயில்ல தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. அஞ்சலாட்சின்னு ஒரு பொம்பள, மீனு விக்கறவ, ஊரு வாயெல்லாம் அவ ஒருத்திகிட்டதான் இருக்குது. நாலு வருசமா அவதான் இறந்தவர். ஒரு வருசம் செத்தவளா படுத்துக்கிட்டே பக்கத்துல இருந்தவகிட்ட நெத்திலி வெலை பேசினா. அதிகாரி பாத்துட்டாரு. எனக்கு மானமே போச்சு.

ஆனா சாவி குடுக்கற எடத்துல மட்டும் ஒரு கொறயும் சொல்ல முடியாது. தாம்பாளத்துல வெத்தில பாக்கு, ஒரு சீப்புப் பழம், நடுவுல சாவி. சாவிக்கு மஞ்ச குங்குமம். நான் வாசல்ல தாம்பாளத்தோட நிப்பேன். அதிகாரி வந்து எடுத்து, அவரு கையால தெறப்பாரு. போட்டோ எடுப்பாங்க. அப்புறந்தான் ஜனங்க வரிசையா உள்ள போகணும். செருப்ப வெளிய விட்டுட்டு. பத்து நிமிசம் உக்காரணும், தக்காளி சாதம் பொட்டலம் வாங்கணும், எழுந்து போயிடணும். அவங்க போனதும் நான் பினாயில் ஊத்திக் கழுவிடுவேன். இத்தன வருசத்துல ஒத்திகையில ஒரு தப்பு நடந்ததில்ல.

அஞ்சலாட்சி கேப்பா, 'ஏண்ணே, நெசமாவே புயலு வந்தாலும் பழமும் வெத்திலயும் வச்சாத்தான் கதவத் தெறப்பியா?'ன்னு. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல.

தண்ணி குடிக்கிறீங்களா? அந்தக் குழாய்ல புடிக்காதீங்க. என் பாட்டில் இருக்குது, இந்தாங்க.

ஏன் இவன் இவ்வளவு கறாரா இருக்கான்னு உங்களுக்குத் தோணும். ஒண்ணு சொல்றேன். சாவி கைக்கு வந்த மூணாவது வருசம், வார்டு மெம்பர் ஒருத்தரு வந்தாரு. 'கலியமூர்த்தி, என் பொண்ணுக்கு மஞ்சத் தண்ணி விசேசம், ஒரு நாள் கட்டடத்தத் தெறந்து விடு, மேல பேசிட்டேன்'னாரு. நம்பித் தெறந்தேன். எவனோ மேல எழுதிப் போட்டுட்டான். எனக்கு மெமோ வந்துடுச்சு. 'யாருடைய உத்தரவின் பேரில் திறந்தீர்?' மெம்பர்கிட்ட ஓடுனா, 'நான் எப்பப்பா சொன்னேன்?'ங்கறாரு. ஆபீஸ் வாசல்ல கையக் கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் நின்னேன். மெமோ போட்ட அதிகாரி எனக்கு மவன் வயசு. என்னை நிக்க வச்சிட்டு டீ குடிச்சாரு. அப்ப என் வீட்டுக்காரி குணவதி பின்னாலயே வந்திருக்கா, எனக்குத் தெரியாது. உள்ள பூந்து அந்த ஆளு கால்ல விழுந்துட்டா. 'எங்க வீட்டுக்காரரு வெகுளிங்க, விட்டுடுங்க'ன்னு.

என் பொண்டாட்டி இன்னொருத்தன் கால்ல விழுந்தத என் கண்ணால பாத்தேன் தம்பி. அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனி எழுத்துல உத்தரவு இல்லாம அந்தக் கதவு தெறக்காது. அவ இன்னொரு தடவ யாரு கால்லயும் விழக் கூடாது. பழைய பூட்டத் தூக்கி எறிஞ்சிட்டு ஏழு லீவர் பூட்டு ஒண்ணு வாங்கிப் போட்டேன்.

அந்த மெமோ இதோ இந்தப் பையில இருக்குது. வேணாம், நீங்க எதுக்கு அத எல்லாம் படிச்சிக்கிட்டு.

சரி, இந்த ஐப்பசிக்கு வருவோம். மொத நாளே துறைமுகத்துல எட்டாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க. ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு வந்து சொல்லிட்டுப் போனாங்க. டிவிக்காரனுங்க குடையப் புடிச்சிக்கிட்டுக் கடற்கரையில நின்னு கத்தறானுங்க. புயலுக்கு ஒரு பேரு வேற. அது என்ன பேருன்னு யாருக்கும் வாயில வரல.

என் பொண்ணு இளவரசி அப்ப எங்க வீட்டுல இருக்கா. தலைப்பிரசவம், ஒம்பதாம் மாசம். வளைகாப்பு முடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்திருந்தோம். டாக்டர் பத்து நாள் இருக்குதுன்னு சொல்லியிருந்தாங்க.

காலையில எட்டரைக்கு வி.ஏ.ஓ. போன் பண்ணாரு. புதுசா வந்த ஆளு, சின்ன வயசு. 'அய்யா, மையத்தத் தெறந்து ஜனங்கள உள்ள ஏத்திடுங்க, மத்தியானத்துக்கு மேல காத்து பலமாயிடும்.' நான் மரியாதையாத்தான் கேட்டேன், 'சார், உத்தரவு எழுத்துல வருங்களா?' 'அதான் போன்ல சொல்றேனே அய்யா.' 'போன்ல சொல்றத நாளைக்கு யாரு சார் பாப்பாங்க?' கோவம் வந்துடுச்சு அவருக்கு. 'அய்யோ, தெறங்கய்யா!'ன்னு கத்தினாரு. கத்தறதெல்லாம் உத்தரவாயிடுமா? நீங்களே சொல்லுங்க.

அதுக்குள்ள கூட்டம் சேந்துடுச்சு. ஆடு, கோழி, கருவாட்டு மூட்டை, டிவிப் பொட்டி. நூத்தி அம்பது பேருக்கு மேல மழையில நிக்கறாங்க. நான் நிதானமா ஒழுங்குபடுத்தினேன். ரேஷன் கார்டு நம்பர் படி வரிசையா நிக்கச் சொன்னேன். என் பொண்ணும் பொண்டாட்டியும் கதவு ஓரமா வந்து நின்னாங்க. அவங்களப் புடிச்சு வரிசையில கடைசிக்கு அனுப்பினேன். சாவிக்காரன் வீட்டு ஆளுங்கன்னு மொதல்ல நிக்க வச்சான்னு ஒரு பய சொல்லிடக் கூடாது பாருங்க. எங்க கார்டு நம்பர் கடைசி. அது என் தப்பா?

குணவதி என்னை ஒரு பார்வ பாத்தா. 'பொண்ணுக்குக் காலையிலேர்ந்து இடுப்பு வலிக்குதுங்க'ன்னா. 'அரை மணி நேரத்துல வந்துடறேன், வி.ஏ.ஓ. கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டு மொபெட்ட எடுத்தேன். 'சாவிய வச்சிட்டுப் போங்க'ன்னா. எப்படி வைக்க முடியும்? சாவி என் பொறுப்பு. பொறுப்ப மழையில வச்சிட்டா போவாங்க?

ஆறு கிலோமீட்டர். மெயின் ரோட்டுல போனேன். போறதுக்கு முன்ன செல்போன அணைச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கிட்டேன். ஏன்னு கேளுங்க. புயல் நேரத்துல என்ன செய்யணும்னு அரசாங்கம் ஒரு நோட்டீஸ் குடுத்திருக்குது. ஆறாவது அறிவுரை, செல்போன் சார்ஜ வீணாக்காதீங்க. எங்க ஊருல அந்த நோட்டீஸப் படிச்ச ஒரே ஆளு நான். மத்தவங்க அதுல கருவாடு மடிச்சாங்க.

ஆபீஸுக்குப் போனா அந்த ஆளு இல்ல. உதவியாளரு ஒருத்தரு இருந்தாரு. 'உங்க ஊருக்குத்தான் அய்யா கிளம்பிப் போனாரு, இப்பத்தான். ஆத்தங்கரை வழியாப் போனாரு. நீங்க கதவத் தெறக்கமாட்டேங்கறீங்களாம்ல, அதான் நேர்லயே போயிட்டாரு'ன்னாரு. பாத்தீங்களா கூத்த? நான் அவரத் தேடி இங்க வர்றேன், அவரு என்னைத் தேடி அங்க போறாரு. உத்தரவு போடற ஆளு அங்க, சாவி இங்க. யாரு தப்பு? ஆபீஸ்ல இருக்க வேண்டிய நேரத்துல ஆபீஸ்ல இல்லாதது அவரு தப்புதானே?

என்ன கேக்கறீங்க? நான் ஏன் உடனே திரும்பிப் போகலன்னா? அதத்தான் எல்லாரும் கேக்கறாங்க. யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் திரும்பிப் போறேன், அதுக்குள்ள அவரு இங்க வந்துட்டா? மறுபடி நான் இங்க, அவரு அங்க. சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். யாராவது ஒருத்தரு ஒரு எடத்துல நெலையா இருந்தாகணும். நான் இருந்தேன். பெஞ்சுல உக்காந்துட்டேன். காலையில பத்து மணியிலேர்ந்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் அந்தப் பெஞ்ச விட்டு நகரல. ஓடு பறக்குது, ஜன்னல் கதவு பிச்சிக்கிட்டுப் போகுது, அந்த உதவியாளரு மேசைக்கு அடியில பூந்துட்டாரு. நான் உக்காந்தே இருந்தேன். அந்த மாதிரி உக்கார இன்னைக்கு எவனால முடியும்?

அங்க என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வி.ஏ.ஓ. போயி நின்னிருக்காரு. குடை திருப்பிக்கிச்சாம். சாவி எங்கன்னு கேட்டா, உங்ககிட்டதான் போயிருக்குதுன்னிருக்காங்க. எனக்குப் போன் போட்டிருக்காரு, அணைச்சு வச்சிருக்கறதா வந்திருக்குது. காத்து ஏறிடுச்சு. ஓலைக் கூரையெல்லாம் பறந்து வந்து ஜனங்க மேல விழுதாம். என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. அப்ப ஒருத்தங்க வீட்டுக்குப் போயி அம்மிக் கொழவியத் தூக்கிக்கிட்டு வந்து பூட்ட ஒடச்சிருக்காங்க. யாருன்னு நெனைக்கிறீங்க?

என் வீட்டுக்காரி.

ஒரு கொடம் தண்ணி தூக்கினா ரெண்டு எடத்துல எறக்கி வைக்கிறவ. பத்தொம்பது அடி அடிச்சிருக்கா. அஞ்சலாட்சி எண்ணிக்கிட்டு நின்னாளாம். ஏழு லீவரு தம்பி, சும்மாவா? பத்தொம்பது அடி தாங்கியிருக்குது. ஊரு ஆம்பளைங்க அத்தன பேரும் வேடிக்க பாத்துக்கிட்டு நின்னிருக்கானுங்க. வி.ஏ.ஓ. ஒரு வார்த்த வேணாம்னு சொல்லல. சொல்லியிருக்கணுமா இல்லயா? அரசு சொத்து!

மெயின் ரோட்டுல மரம் வுழுந்துடுச்சுன்னு நான் ஆத்தங்கரை வழியா மொபெட்டத் தள்ளிக்கிட்டு, வுழுந்த கெளை தாண்டி, கம்பி தாண்டி ஊரு வந்து சேரும்போது மணி அஞ்சு. கட்டடத்துக்குள்ள ஏறுனேன். என் டைல்ஸு மேல சேறு. ஆடு நிக்குது. லைஃப் ஜாக்கெட் கவரெல்லாம் கிழிச்சு, அதத் தலைக்கு வச்சுப் புள்ளைங்க தூங்குது. அஞ்சலாட்சி ஓடி வந்தா. 'அண்ணே, ஒன் பொண்ண ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டோம், அண்ணியும் போயிருக்குது'ன்னா. நான் கீழ பாத்தேன். பூட்டு கெடக்குது, வாயப் பொளந்துக்கிட்டு. எடுத்தேன். 'இத யாரு ஒடச்சது?'ன்னு கேட்டேன்.

அதுதான் நான் கேட்ட மொத வார்த்த. அத ஊரே புடிச்சிக்கிச்சு. பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கல, பூட்ட யாரு ஒடச்சதுன்னு கேட்டான்னு. எது கண்ணுல படுதோ அதத்தானே தம்பி வாயி கேக்கும்? பொண்ணு அங்க இல்ல, பூட்டு இருந்துச்சு.

இன்னொண்ணு சொல்லணும். மெயின் ரோட்டுல மரம் வுழுந்து கெடந்துச்சுல்ல, ஆம்புலன்ஸ் எப்படி வந்துச்சு? நம்ம மரம் அறுக்கற மெஷின எடுத்துக்கிட்டுப் போயி நாலு பசங்க அறுத்துத் தள்ளியிருக்கானுங்க. எவனுக்கும் பயிற்சி கிடையாது. ஒத்திகையில கூட அத நான் கவர விட்டு வெளிய எடுத்ததில்ல. இப்பப் போயிப் பாருங்க, சங்கிலி மழுங்கிப் போச்சு, பிசினு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. டாக்டரு சொன்னாங்களாம், அரை மணி நேரம் தாமதமா வந்திருந்தா தாயும் இல்ல புள்ளயும் இல்லன்னு, கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சாம். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாம பயப்படணும்ல.

நாம பயந்துட்டோம். அது வேற விசயம்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினேன். சத்தியமா அதுக்குத்தான். வி.ஏ.ஓ. ஆபீஸு வழியில இருந்துச்சு. அந்த ஆளும் இருந்தாரு, ராத்திரியெல்லாம் தூங்காத மூஞ்சி. விடாம நின்னு எழுதி வாங்கிட்டேன். இதோ பாருங்க. 'மையத்தைத் திறந்து பொதுமக்களைத் தங்க வைக்க இதன் மூலம் உத்தரவிடப்படுகிறது.' கையெழுத்து, சீலு. தேதி மட்டுந்தான் மறுநாளு. அத வாங்கினது எனக்காகவா? பூட்ட ஒடச்சது அவ. நாளைக்கு எவனாவது கேட்டா அவ மேல ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னுதான் ஈரத்தோட நின்னு வாங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போயி அவகிட்ட நீட்டினேன். 'இந்தா, உத்தரவு வாங்கிட்டேன், இனி ஒனக்கு ஒண்ணும் வராது'ன்னு. வாங்கிப் படிச்சா. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசி வரைக்கும் படிச்சிட்டு, மடிச்சு என் சட்டைப் பையில அவளே வச்சா. அப்புறம் அந்தப் பச்சத் துணித் தட்டிய இழுத்து மூடிட்டா. உள்ள குழந்தை அழற சத்தம் கேட்டுச்சு. நான் கொஞ்ச நேரம் நின்னேன். நர்சம்மா வந்து வழிய விடுங்கன்னாங்க, வந்துட்டேன்.

அங்கேர்ந்து நேரா மாப்பிள்ள வீட்டுக்குப் போயிட்டாங்க. பொண்ணோட அவளும் போயிட்டா. அஞ்சலாட்சிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கா, 'அந்தச் சாவியக் கடல்ல வீசிட்டு வந்து என் பேரனப் பாக்கச் சொல்லு'ன்னு. சொன்னவளுக்கு எவ்வளவு சந்தோசம்! ரெண்டு தடவ சொன்னா.

இங்க ஊருல கூட்டம் போட்டு, கதவுல இருந்த தாழ்ப்பாளையே அறுத்து எடுத்துட்டானுங்க. இனிமே அந்தக் கட்டடத்துக்குப் பூட்டே கிடையாதாம். இப்ப அந்த லட்சணத்தப் பாக்கணுமே! நாயி படுத்திருக்குது. பொம்பளைங்க வராண்டாவுல கருவாடு காய வைக்கறாங்க. பயலுங்க உள்ள சைக்கிள் ஓட்டறானுங்க. நான் நல்லா இருந்த காலத்துல அந்தப் படியில ஒருத்தன் எச்சி துப்பியிருப்பானா? அடுத்த புயலுக்கு இந்த ஊரு என்ன ஆகப் போகுதோ, எனக்கு அதுதான் கவல.

அதான் மனு. புதுத் தாழ்ப்பாளு, புதுப் பூட்டு, சாவி மறுபடி என் கையில. அப்புறம் பூட்ட ஒடச்சவங்க மேல நடவடிக்க. வெளிய மனு எழுதறவன் சொல்றான், ஒடச்சவங்க பேரு போடாம மனு நிக்காதுன்னு. போட்டேன். 'குணவதி, கணவர் பெயர் கலியமூர்த்தி, ஆலந்திட்டு.' அந்தப் பய கேக்கறான், 'அய்யா, உங்க ஊருல ரெண்டு கலியமூர்த்தி இருக்காங்களா?'ன்னு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவளுக்கு ஒண்ணும் ஆகாது. கூப்பிட்டு விசாரிப்பாங்க. 'அவசரத்துல ஒடச்சிட்டேன், தப்புதான்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நானே பக்கத்துல நின்னு, விட்டுடுங்க சார்னு சொல்லிடுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்துடுவா. வேற எப்படித் தம்பி வருவா?

உள்ள என்ன நம்பரு? நூத்தி முப்பத்தொம்பதா? பரவாயில்லயே, ஓடுது.

பையில என்னன்னு பாக்கறீங்களா? அது ஒண்ணுமில்ல. வெள்ளி அரைஞாண். சின்னதுதான். எங்க வழக்கத்துல முப்பதாம் நாளு குழந்தைக்குப் பேரு வைக்கும்போது, அம்மாவப் பெத்த தாத்தன்தான் மொதல்ல இடுப்புல அரைஞாண் கட்டணும். கட்டினப்புறந்தான் காதுல பேரு சொல்லுவாங்க. ஆமா, இன்னைக்குத்தான். பன்னெண்டு மணியிலேர்ந்து ஒண்ணரைக்குள்ள நல்ல நேரம். மாப்பிள்ள ஊரு இங்கேர்ந்து பஸ்ஸுல முக்கா மணி நேரம்.

இப்ப மணி பன்னெண்டேகால். தெரியும் தம்பி. எனக்கும் கடிகாரம் இருக்குதுல்ல.

மாப்பிள்ள முந்தாநாள் போன் பண்ணாரு. 'மாமா, திங்கக்கிழம பேரு வைக்கறோம், வந்துடுங்க, அத்தை ஒண்ணும் சொல்லமாட்டாங்க'ன்னாரு. 'வரச் சொல்லி அவ சொன்னாளா?'ன்னு கேட்டேன். 'வந்துடுங்க மாமா, நீங்க வந்துதான் கட்டணும்'னாரு. வாய்வார்த்தைதானே? ஒரு பத்திரிக அடிச்சிருக்கலாம். இல்ல, ஒரு தாள்ல நாலு வரி. நான் பாட்டுக்குப் போயி நிக்கறேன், 'ஒங்கள யாரு கூப்பிட்டது?'ன்னு அவ நாலு பேரு முன்ன கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? அதனால மனுவ முடிச்சிட்டு, கையில ஒரு பதிலோட போகலாம்னு இருக்கேன். ஒரு ரசீதாவது கையில இருக்கணும்ல? கொஞ்சம் காத்திருப்பாங்க. அரைஞாண் என்கிட்டதானே இருக்குது. நான் போகாம எப்படி நடக்கும்?

உங்க பைக்க வச்சிக்கிட்டு என்ன பண்றது? நீங்க என்னைக் கொண்டு போயி விட்டா உங்க டோக்கன் போயிடும், என் டோக்கனும் போயிடும். மூணு வாரமா வர்றேன் தம்பி. ரெண்டு தடவ என் நம்பருக்கு முன்ன நேரம் முடிஞ்சு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு எட்டு பேருதான் எனக்கு முன்ன. உக்காருங்க. உங்க நல்ல மனசுக்கு உங்க பட்டா கெடச்சுடும்.

இருங்க, போன் அடிக்குது. இத மட்டும் இன்னைக்கு அணைக்கல. கண்ணாடி இல்லாம எழுத்து தெரியல, யாரு பேரு போட்டிருக்குது பாருங்க. குணவதியா? நல்லாப் பாருங்க. அவ எனக்குப் போன் போட்டு முப்பது நாளாச்சு.

நீங்க எடுங்க தம்பி. இந்தாங்க, புடிங்க. எடுத்துச் சொல்லுங்க, கலெக்டர் ஆபீஸ்ல இருக்காருன்னு, எட்டு நம்பருதான் பாக்கின்னு. என்ன மனுன்னு சொல்லாதீங்க.

என்ன சொல்றா? எங்க இருக்கேன்னு கேக்கறாளா? ம், சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? என்னவாம்? குழந்தைய மடியில வச்சிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களா? யாரு, பொண்ணா? எவ்வளவு நேரமா? வந்துடறாருன்னு சொல்லுங்க. ஒரு மணிக்குள்ள கூப்பிட்டுடுவாங்க, ஒண்ணரைக்குள்ள ஓடி வந்துடறாருன்னு சொல்லுங்க. அரைஞாண் பையிலயே இருக்குது, புதுசு, நல்ல வெள்ளின்னு சொல்லுங்க.

என்னது? கட்டியாச்சா? எதக் கட்டினாங்க? கருப்புக் கயிறா? யாரு கட்டினது?

அவளேவா.

சரி. சரி, பரவாயில்ல. பேரு என்ன வச்சாங்கன்னு கேளுங்க. அத மட்டும் கேட்டுடுங்க. என்ன பேருன்னு... வச்சிட்டாளா? போன வச்சிட்டாளா? பேரச் சொல்லலயா? நீங்க கேட்டீங்களா, கேக்கறதுக்குள்ள வச்சிட்டாளா?

குடுங்க. இல்ல, நான் திருப்பிப் போடல.

அங்க என்னமோ கத்தறானே, என்ன நம்பரு? நூத்தி நாப்பத்தேழா? அதுக்குள்ளயா? நடுவுல எட்டு பேரு எங்க போனாங்க? சாப்பாட்டு நேரம்னு எழுந்து போயிட்டாங்களா? பொறுப்பே இல்லாத ஜனங்க தம்பி, ஒரு எடத்துல ஒரு நாளு உக்கார முடியல. இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க, மனுவ எடுத்துக்கறேன். சார், இருக்கேன் சார்! நூத்தி நாப்பத்தேழு நான்தான். இங்கதான் சார் இருக்கேன், காலையிலேர்ந்து இங்கயேதான் இருக்கேன்.